ஓசி பஸ்ஸுக்கு ஏது பயணப்படி

"உங்களுக்குத்தான் பஸ்ஸு ஓசியாச்சேம்மா. அப்புறம் எதுக்குப் பயணப்படி?"

ஒன்றிய ஆபீஸில் பில் போடுகிற கிளார்க் இதைக் கேட்டுவிட்டு டீயை ஒரு உறிஞ்சு உறிஞ்சினார். அவர் மேசையைச் சுற்றி நின்றிருந்த ஆம்பளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். வேற இன்னா செய்வதென்று தெரியவில்லை. வெளியே வந்து செருப்பு மாட்டும்போதுதான் உடம்பெல்லாம் எரிந்தது. இதை எழுதும்போது இப்பவும் எரிகிறது.

எனக்குச் செஞ்சிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். நான் ஒன்றியக் கவுன்சிலர். எந்த ஒன்றியம், எந்த ஊர் என்று சொல்ல மாட்டேன். செஞ்சியைச் சுற்றி ஒன்றியத்துக்கா பஞ்சம்? சொல்லிவிட்டு, நாளைக்கு ஏதாவது நோட்டீஸ் வருமோ என்று தபால்காரரைக் கண்டாலே நெஞ்சு அடித்துக்கொண்டு கிடக்க என்னால் ஆகாது. நான் அப்படிப்பட்டவள்தான். வீட்டைப் பூட்டி, தெருமுனை வரைக்கும் போய், பூட்டினேனா இல்லையா என்று திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். கேஸை அணைத்தேனா, மாட்டுக்குத் தண்ணி காட்டினேனா, ஏறி உட்கார்ந்த பஸ்ஸுக்கு பிரேக் பிடிக்குமா, எல்லாம் எனக்குக் கவலை. எட்டாவதோடு படிப்பு நின்றதுகூட இந்தக் குணத்தால்தான். கடலை பிடுங்க ஆள் போதவில்லை என்று நைனா சொல்ல, கொஞ்ச நாள் வீட்டில் நின்றேன். திரும்பிப் போனால் டீச்சர் இன்னா கேட்பாங்களோ என்று பயந்து பயந்து, போகாமலே விட்டுவிட்டேன்.

இப்படிப்பட்டவள் எப்படிக் கவுன்சிலர் ஆனாள் என்றால், அது என் கொழுந்தன் செய்த வேலை. வீட்டுக்காரருடைய தம்பி. அவன்தான் நிற்பதாக இருந்தது. வெள்ளைச் சட்டை எல்லாம் தைத்துவிட்டான். கடைசியில் எங்கள் வார்டைப் பொம்பளைகளுக்கு ஒதுக்கிவிட்டார்கள். சரி, பெண்டாட்டியை நிறுத்தலாம் என்று பார்த்தால், அவள் பேர் இன்னும் தொண்டூரில் அம்மா வீட்டு வோட்டர் லிஸ்ட்டில் கிடந்தது. மாற்ற நேரம் இல்லை. வீட்டில் மிச்சம் இருந்த பொம்பளை நான்.

"அண்ணி, நீங்க நாமினேஷன்ல கையெழுத்துப் போட்டாப் போதும். மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேன்" என்றான்.

எனக்கு அது நிம்மதியாகத்தான் இருந்தது. பேச வேண்டாம், யாரையும் பார்க்க வேண்டாம். ஜெயித்ததும் முதல் கூட்டத்துக்கு அவன் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போனேன். ஆபீஸ் கூட்ட ஹாலில் என் பேர் எழுதின பலகைக்குப் பின்னால் அவன் போய் உட்கார்ந்தான். நான் சுவரோரம் பிளாஸ்டிக் சேரில். என்னை மாதிரியே அங்கே இன்னும் சில பொம்பளைகள் உட்கார்ந்திருந்தார்கள், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, கல்யாண வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி. ரிஜிஸ்டர் மட்டும் எங்களைத் தேடி வந்தது. கையெழுத்துப் போட்டோம்.

அன்றைக்கு எங்கள் தெருவுக்கு ஒரு மினி டேங்க் வருவதாக இருந்தது. தண்ணிக்காகக் குடத்தைத் தூக்கிக்கொண்டு மெயின் ரோடு வரைக்கும் நடக்கிற தெரு எங்களுடையது. அந்த டேங்க்கை ரோட்டு முனைக்கு மாற்றலாமா என்று கேட்டார்கள். என் பலகைக்குப் பின்னால் இருந்து என் கொழுந்தன் கை தூக்கினான். ரோட்டு முனையில்தான் அவன் புது வீடு கட்டிக்கொண்டிருந்தான்.

டேங்க் அங்கே வந்ததும் தெருப் பொம்பளைகள் என் வாசலுக்கு வந்துவிட்டார்கள். "நீதான கை தூக்குன? உன் பேருலதான எழுதியிருக்குது?" என்று ஒருத்தி காலிக் குடத்தை என் வாசப்படியில் ணங்கென்று வைத்தாள். நான் தூக்கவே இல்லை என்று சொன்னேன். "அப்ப நீ எதுக்குப் போன?" என்றாள்.

அப்புறம் ஒரு முடிவுக்கு வந்தேன். அந்தப் பலகைக்குப் பின்னால் நான்தான் உட்காருவேன். உட்கார வேண்டுமென்றால் அவன் வண்டியில் போகக் கூடாது. வண்டியில் கூட்டிக்கொண்டு போகிறவன்தான் உள்ளேயும் வருகிறான், உள்ளே வந்தவன்தான் உட்காருகிறான். அப்படி ஒரு பழக்கம் அந்த ஆபீஸில். தனியாகப் போனால் தனியாக உட்காரலாம். எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்.

தனியாகப் போவது எப்படி என்பதில்தான் ஆரம்பித்தது எல்லாம்.

எங்கள் ஊருக்கு ரோஸ் பெயிண்ட் அடித்த டவுன் பஸ் வருகிறது. பொம்பளைகளுக்குக் காசு கிடையாது, சைபர் போட்ட டிக்கெட் கொடுப்பார்கள். நல்ல விஷயம், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அது காலையில் ஆறரைக்கு ஒன்று வரும். அடுத்தது பதினொன்றுக்கு மேல். கூட்டம் பத்தரைக்கு. ஆறரைக்கு நான் இரண்டு மாட்டையும் கறந்து பால் சொசைட்டிக்கு ஊற்றுகிற நேரம். அதை விட்டுவிட்டு ஏறினாலும் ஏழரைக்கெல்லாம் ஆபீஸ் வாசலில் இறங்கிவிடுவேன். ஆபீஸ் திறப்பது பத்து மணிக்கு. அதுவரைக்கும் எங்கே உட்காருவது? கேட்டுக்கு வெளியே திட்டில். ஒண்ணுக்கு வந்தால்? கக்கூஸ் சாவி வாட்ச்மேனிடம் இருக்கும், வாட்ச்மேன் டீக்கடையில் இருப்பார். டீக்கடை நிறைய ஆம்பளைகள். அங்கே போய் கக்கூஸ் சாவி கேட்கிற கவுன்சிலரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

அதனால் ஷேர் ஆட்டோ. ஊரிலிருந்து செஞ்சி பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் ஒன்று, அங்கிருந்து ஆபீஸுக்கு இன்னொன்று. திரும்பி வரவும் அதே மாதிரி. பால் காசில் அதற்கென்று தனியாக எடுத்து முந்தானையில் முடிவேன். போகும்போதெல்லாம் சீக்கிரமே போய்விடுவேன், ஆட்டோ வழியில் நின்றுவிட்டால் என்ன செய்வது என்கிற கவலையில். ஹாலில் மின்விசிறி போடுவதற்கு முன்னாலேயே என் பலகைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பேன். கொழுந்தன் ஒரு தடவை வந்து பார்த்துவிட்டு, சேரில் நான் இருப்பதைக் கண்டு, வாசலிலேயே நின்று போனில் பேசுகிற மாதிரி பேசிவிட்டுப் போய்விட்டான். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

ஆனால் மாசத்துக்குக் கூட்டம் ஒன்றோடு நிற்கவில்லை. பயிற்சி என்பார்கள், ஆய்வு என்பார்கள், அதிகாரி வருகிறார் என்று கூப்பிடுவார்கள், போய் நின்றால் அதிகாரி வரவில்லை என்பார்கள். ஒவ்வொன்றுக்கும் ஆட்டோ. பெங்களூரில் டைல்ஸ் வேலை செய்கிற என் வீட்டுக்காரர் போனில் கத்தினார்.

"சம்பாதிச்சுக் குடுக்கற எடமா அது? தம்பிதான் வண்டி வெச்சிருக்கறான் இல்ல. அவன் பின்னால ஏறிக்கினு போனா இன்னா, கொறஞ்சா போயிடுவ?"

"கொறஞ்சுதான் போயிடுவேன்" என்றேன். போனை வைத்துவிட்டு, இப்படிப் பேசிவிட்டோமே, கோபத்தில் அவர் சாரத்தில் ஏறும்போது கால் தவறிவிட்டால் என்று சாயந்திரம் வரைக்கும் பயந்துகொண்டிருந்தேன்.

கவுன்சிலருக்குப் பயணப்படி உண்டு என்று அப்போதுதான் தெரிந்தது. ஆபீஸ் வேலையாக வந்து போகிற செலவைக் கணக்குக் கொடுத்தால் திருப்பித் தருவார்களாம். எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அது வந்தால் யார் வண்டியிலும் ஏற வேண்டியதில்லை.

கிளார்க்கிடம் கேட்டேன். "ரசீது இருக்குதாம்மா?" என்றார்.

ஷேர் ஆட்டோவில் ரசீது ஏது? ஆனாலும் எங்கள் ஊர்ப் பக்கம் ஆட்டோ ஓட்டுகிற பையனிடம் கேட்டேன். அவன் சத்தமாகச் சிரித்துவிட்டான்.

"அக்கா, ஷேர் ஆட்டோல பில்லு கேட்ட மொத ஆளு நீதான். ஏரோப்ளேனு டிக்கெட்டு வேணும்னாலும் சொல்லு, எழுதித் தரேன்."

சிரித்தாலும் நல்ல பையன். ஆட்டோவில் முன்பக்கம் ஒரு தேதி கிழிக்கிற காலண்டர் மாட்டியிருப்பான். அன்றன்றைக்குத் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் ஏறின இடம், இறங்கின இடம், வாங்கின காசு எல்லாம் எழுதி, கையெழுத்தும் வண்டி நம்பரும் போட்டுக் கொடுத்தான். "தேதி அதுலயே அச்சடிச்சு இருக்குது, யாரும் மாத்தி எழுதனேன்னு சொல்ல முடியாது" என்றான். எனக்கும் அது ரொம்பப் புத்திசாலித்தனமாகப் பட்டது. பின் குத்திச் சேர்த்து வைத்தேன்.

அதைத்தான் நான் கிளார்க்கிடம் நீட்டினேன். அவர் பின்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. முன்பக்கத்தைப் படித்தார்.

"மேஷம் தன வரவு, ரிஷபம் வீண் அலைச்சல்... கவுன்சிலரம்மா, உங்களுக்கு இன்னா ராசி?"

சொன்னேன். பயத்தில் நிஜமாகவே சொல்லிவிட்டேன்.

"பாருங்க, அலைச்சல்னு போட்டிருக்குது. காலண்டர்காரனே சொல்லிட்டான், நான் இன்னா பண்ண முடியும்?"

சுற்றி நின்றவர்கள் சிரித்து ஓய்ந்ததும்தான் அந்த ஓசி பஸ் பேச்சு வந்தது. பொம்பளைங்களுக்குப் பஸ் இலவசம், இலவசத்துக்குச் செலவு கிடையாது, செலவு கிடையாதென்றால் படி கிடையாது. பில்லில் சைபர் போடுவார்களாம். எந்த ரூலில் இப்படி இருக்கிறது என்று கேட்டேன். "ரூலெல்லாம் இங்கிலீஷ்ல இருக்குதும்மா" என்றார். அந்த பஸ் பதினொன்றுக்கு மேல்தான் வரும் என்றேன். "அப்ப மொத பஸ்ஸுல வாங்க." அப்போது ஆபீஸ் பூட்டியிருக்கும் என்றேன். "அதுக்கு நான் இன்னாம்மா பண்றது, நைட்டு இங்கயே படுத்துக்கட்டுமா?"

அன்றைக்கு வெளியே மரத்தடியில் இன்னொரு பொம்பளை கவுன்சிலர் நின்றிருந்தாள். என்னைவிடச் சின்னவள், எப்போதும் புருஷன் வண்டியில்தான் வருவாள். அவள் பலகைக்குப் பின்னால் அவள் புருஷன்தான் உட்காருவார். என் முகத்தைப் பார்த்துவிட்டு விசாரித்தாள். சொன்னேன்.

"எனக்கு மாசா மாசம் வருதேக்கா" என்றாள். "எங்க வூட்டுக்காரரு வண்டி நம்பர எழுதிக் குடுத்துடுவாரு. வண்டின்னா கிலோமீட்டருக்கு இவ்ளோன்னு கணக்கு. நீங்களும் யாரு வண்டி நம்பராவது எழுதிக் குடுங்களேன்."

இதைக் கேட்டதும் என் கோபம் வேற திசைக்குத் திரும்பியது. ஆம்பளை பின்னால் உட்கார்ந்து வந்தால் எனக்குச் செலவு ஆகியிருக்கிறது என்று நம்புகிறார்கள். நானே காசு கொடுத்து நானே வந்தால் நம்ப மாட்டேன் என்கிறார்கள். புருஷன் வண்டியில் பெட்ரோல் ஊற்றினால் அது பெட்ரோல். என் பால் காசு காசு இல்லையா?

ஆனால் பொய் நம்பர் எழுத எனக்குத் தைரியம் இல்லை. ஆடிட் வரும், போலீஸ் வரும், ஜீப்பில் ஏற்றுவார்கள், மாட்டை யார் கறப்பார்கள் என்று எல்லாம் வரிசையாகத் தோன்றும் எனக்கு. உள்ளே போய், சைபர் என்றாலும் பரவாயில்லை, நான் தனியாக வந்தேன் என்று எழுதுங்கள் என்றேன். கிளார்க் காலி பில் தாளை நீட்டினார். "கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க, நான் ஃபில்லப் பண்ணிக்கறேன்." போட்டேன்.

அடுத்த மாசம் பேங்கிலிருந்து போனுக்கு மெசேஜ் வந்தது. பணம் விழுந்திருந்தது. எனக்கு நம்பிக்கையே வரவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னேன். ஒன்றியத்திலிருந்துதான். கிளார்க் நல்ல மனுஷன், நான்தான் தப்பாக நினைத்துவிட்டேன் என்று அவருக்குக் கொடுக்க ஒரு லிட்டர் பால்கூட எடுத்து வைத்தேன். நினைத்தால் இப்பவும் என்னையே அறையலாம் போலிருக்கிறது.

அன்றைக்குச் சாயந்திரம் கொழுந்தன் வந்தான். வண்டியை வாசலிலேயே நிறுத்தி, இறங்காமல், சாவியைச் சுழற்றிக்கொண்டே பேசினான்.

"இன்னா அண்ணி, பணம் வந்துச்சா?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நான்தான என் வண்டி நம்பர எழுதிக் குடுத்தேன். கிளார்க்கு நம்ம ஆளு. நீங்க பாவம் காலண்டர் பேப்பர வெச்சிக்கினு அலையறீங்கன்னு சொன்னாரு. சிரிச்சு சிரிச்சு வயிறு வலிச்சிடுச்சு போ."

"நான் உன் வண்டியில வரவே இல்லியே?"

"பேப்பர்ல வந்துட்டீங்க. பணம் உங்க கணக்குலதான விழுந்துச்சு, நான் இன்னா தின்னுட்டேனா?" என்று சிரித்தான். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, "வர்ற கூட்டத்துக்கு நானே கூட்டிக்கினு போறேன். ஒம்பதரைக்கு ரெடியா இருங்க. நான்தான் கூட்டிக்கினு வரேன்னு ஆபீஸ் பேப்பர்லயே இருக்குது, இனிமே நீங்க ஆட்டோல போய் எறங்கினா ரெண்டு பேருமே மாட்டிக்குவோம். டேங்க் விஷயம் வேற வருது, உங்களுக்கு அதெல்லாம் புரியாது" என்றான்.

டேங்க் விஷயம். இரண்டாவதாக ஒரு டேங்க் எங்கள் வார்டுக்கு ஒதுக்கியிருந்தார்கள். அது எங்கள் தெருவுக்கா, இல்லை ரோட்டு ஓரம் அவன் கட்டப்போகிற கடைக்கா என்பதுதான் வர்ற கூட்டத்தில் முடிவாகப் போகிறது. என் பலகைக்குப் பின்னால் இருக்கிற கைதான் தூக்கப் போகிறது. அது யார் கை என்பதைத்தான் அவன் ஒரு வண்டி நம்பரை வைத்து வாங்கிவிட்டான்.

வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். "இன்னா இப்போ? பணம் வந்துச்சு, வண்டியும் வருது. சும்மா டென்ஷன் பண்ணாத" என்றார்.

இனி டென்ஷன் ஆகாமல் இருப்பது எப்படி? எழுதியிருப்பதற்கு மாறாக ஆட்டோவில் போனால் பொய் பில் என்று என்னைப் பிடிப்பார்களா? அவன் வண்டியில் போனால் பொய் உண்மையாகிவிடுமா? இரண்டையும் மாற்றி மாற்றி யோசித்தேன். கடைசியில் ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. இரண்டு பக்கமும் பயம்தான். பயந்தே ஆக வேண்டும் என்றால் என் சேரில் உட்கார்ந்தே பயப்படுகிறேன்.

கூட்டத்தன்றைக்கு மாட்டைப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் விட்டேன். அவன் ஒன்பதரைக்குத்தானே வருவான்? ஆறரை ரோஸ் பஸ்ஸில் ஏறிவிட்டேன். கண்டக்டர் சைபர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். அதை மட்டும் பத்திரமாக ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டேன். செஞ்சிக் கோட்டைக்கு மேலே இன்னும் வெயில் ஏறியிருக்கவில்லை. பூட்டின கேட்டுக்கு வெளியே திட்டில் உட்கார்ந்தேன். ஒரு சொட்டுத் தண்ணி குடிக்கவில்லை, கக்கூஸ் சாவிப் பயத்தில். வாட்ச்மேன் வந்து, "இன்னா கவுன்சிலரம்மா, ஆபீஸக் காவல் காக்க வந்துட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுக் கதவைத் திறந்தார். நேராகப் போய் என் பலகைக்குப் பின்னால் உட்கார்ந்தேன்.

ஒன்பதரை என்று சொன்னவன் லேட்டாகத்தான் வந்திருப்பான் போல, பத்து மணிக்கு மேல் போன் அடித்தது. கொழுந்தன். எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. எடுக்கவில்லை. வீட்டு வாசலில் பூட்டைப் பார்த்துக்கொண்டு வண்டியில் உட்கார்ந்திருக்கிறான் என்று நினைக்கும்போது பயத்தோடு ஒரு சின்னச் சிரிப்பும் வந்தது.

கூட்டம் ஆரம்பித்தது. பி.டி.ஓ. ஜீப்பில் வந்தார். சேர்மன் வந்தார். புருஷன்மார்கள் அவரவர் பெண்டாட்டி பலகைக்குப் பின்னால் உட்கார்ந்தார்கள். அப்போதுதான் கொழுந்தன் உள்ளே வந்தான். ஹெல்மெட்டைக் கழற்றக்கூட இல்லை, கண்ணாடியை மட்டும் மேலே தூக்கியிருந்தான். நேராக என்னிடம் வந்து குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்.

"எழுந்திரிங்க அண்ணி. எல்லாரும் பாக்கறாங்க. எழுந்து போய் அங்க ஒக்காருங்க."

எழுந்தேன். ஆனால் நகரவில்லை. என் குரல் எனக்கே வேற யாருடையதோ மாதிரி கேட்டது.

"சார், ஒரு சந்தேகம்."

பி.டி.ஓ. நிமிர்ந்தார். "சொல்லுங்கம்மா."

"போன மாசப் பில்லுல நான் இவரு வண்டியிலதான் வந்தேன்னு எழுதியிருக்குதாம் சார். இவருதான் என்ன எப்பவும் கூட்டிக்கினு வராராம். அதுக்குப் பணமும் போட்டிருக்கறீங்க. இன்னைக்கு நான் ஏழரை மணியில இருந்து இங்கதான் இருக்கறேன், வாட்ச்மேனக் கேளுங்க. இவரு இப்பத்தான் ஹெல்மெட்டோட உள்ள வராரு. அப்ப இவரு வண்டி யாரக் கூட்டிக்கினு வந்துச்சு?"

சுவரோரம் பிளாஸ்டிக் சேரில் இருந்த ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். அது பரவியது. இந்தத் தடவை நான் சிரிக்கவில்லை.

கொழுந்தன் ஹெல்மெட்டைக் கழற்றினான். "சார், எங்க அண்ணிக்கு ஒண்ணும் தெரியாது சார், படிக்காதவங்க..."

"படிக்காதவதான்" என்றேன். "அதனாலதான் சார் கேக்கறேன். நான் ஆட்டோல வந்தேன்னு சொன்னா சைபரு. இவரு பின்னால வந்தேன்னு சொன்னாப் பணம். இதுல எது ரூலு? இங்கிலீஷ்ல இருந்தாலும் பரவால்ல, படிச்சுக் காட்டுங்க." சைபர் டிக்கெட்டை எடுத்து மேசையில் வைத்தேன். "இன்னைக்கு உங்க ரூல்படி ஓசி பஸ்ஸுலதான் வந்தேன். ரெண்டரை மணி நேரம் கேட்டுக்கு வெளிய ஒக்காந்திருந்தேன். அந்தத் திட்டுல நீங்க ஒரு நாளு ஒக்காந்து பாருங்க சார்."

பி.டி.ஓ. முகம் மாறிவிட்டது. என் மேல் இரக்கப்பட்டார் என்று நினைக்காதீர்கள். பொய் பில் என்கிற பேச்சு எல்லார் காதிலும் விழுந்துவிட்டது, அது மினிட்ஸில் ஏறுமோ, ஆடிட்டில் தன் தலையில் விடியுமோ என்கிற பயம் அவருக்கு. அந்த மாதிரி பயத்தை எந்த முகத்தில் பார்த்தாலும் எனக்கு அடையாளம் தெரியும். கிளார்க்கைத் திரும்பிப் பார்த்தார். கிளார்க் ஃபைலுக்குள் எதையோ தேட ஆரம்பித்துவிட்டார்.

"கவுன்சிலருங்க மட்டும் உள்ள இருங்க. மத்தவங்க வெளிய போயிடுங்க" என்றார் பி.டி.ஓ.

என் கொழுந்தன் ஒருத்தனைத்தான் சொன்னார் என்று முதலில் நினைத்தேன். ஆனால் ஒவ்வொரு பலகைக்குப் பின்னால் இருந்தும் ஒவ்வொரு புருஷனாக எழுந்திருக்க வேண்டியதாயிற்று. போகும்போது என்னைப் பார்த்துவிட்டுப் போனார்கள். சுவரோரம் இருந்த பொம்பளைகள் எழுந்து வந்து அவரவர் பலகைக்குப் பின்னால் உட்கார்ந்தார்கள். நானும் உட்கார்ந்துகொண்டேன்.

டேங்க் விஷயம் வந்தது. கை தூக்கினேன். எங்கள் தெரு என்று எழுதினார்கள். டேங்க் வந்து, குழாயில் தண்ணி விழுந்து, அந்தக் குடத்துக்காரி பிடித்த பிறகுதான் நம்புவேன்.

பயணப்படிக்கு வழி செய்தார்களா என்று கேட்பீர்கள். செய்தார்கள். என் கணக்கில் விழுந்த பணத்தை அடுத்த கூட்டத்தில் உட்காருவதற்குத் தருகிற அமர்வுப்படியில் பிடித்துக்கொண்டார்கள். வண்டியில் வராததால் அந்தப் பில் செல்லாதாம். சரி, ஆட்டோ செலவு? அதற்கு உரிய ரசீது இல்லையாம், சைபராம். பொய் எழுதின கிளார்க் அதே சேரில் உட்கார்ந்து அதே டீயை உறிஞ்சிக்கொண்டுதான் இதை என்னிடம் சொன்னார். "நீங்களா கெடுத்துக்கினீங்கம்மா. வாயத் தொறக்காம இருந்திருந்தா மாசா மாசம் வந்திருக்கும்."

மனசுக்குள் இந்த ஒன்றியத்தில் உள்ள அத்தனை பேரையும் வரிசையில் நிற்க வைத்து ஆறரை பஸ்ஸில் ஏற்றிவிட்டேன்.

இதெல்லாம் அப்புறம் நடந்தது. டேங்குக்குக் கை தூக்கின அன்றைக்குக் கூட்டம் முடிந்து வெளியே வந்தேன். ஷேர் ஆட்டோ நின்றிருந்தது. அதே பையன்தான். ஏறி உட்கார்ந்தேன். மரத்தடியில் அந்தச் சின்னவள் புருஷன் வண்டியை ஸ்டார்ட் பண்ணிக்கொண்டு நின்றிருந்தார். அவள் அவரைத் தாண்டி வந்து ஆட்டோவுக்குள் குனிந்து, "தள்ளுங்கக்கா" என்றாள்.

"ஏய், எங்கடி போற?" என்றார் அவள் புருஷன்.

"வூட்டுக்குத்தான்" என்று சொல்லிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "இன்னைக்குத்தான்கா அந்தச் சேருல மொத மொத ஒக்காந்தேன். குஷன் வெச்ச சேருக்கா அது."

ஆட்டோ கிளம்பியது. அவள் புருஷன் வண்டியும் பின்னாலேயே வந்தது, ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு. பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் அடித்தார். "யாருக்கா அது, மந்திரிக்கு வர்ற மாதிரி உனக்கு எஸ்கார்ட்டு வண்டியா?" என்றான் பையன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நான்தான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன், எங்கேயாவது மோதிவிடப் போகிறாரே என்று.

இறங்கும்போது அவளிடம் காசு இல்லை. வண்டியில் வருகிறவளுக்குக் கைக்காசு எதற்கு என்று யாரும் கொடுத்து அனுப்பியதில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்து இரண்டு பேருக்கும் நானே கொடுத்தேன். பையன் காலண்டரில் அன்றைக்குத் தாளைக் கிழித்து, பேனாவை எடுத்தான்.

"எழுதட்டுமாக்கா?"

"எழுதுடா" என்றேன். "ரெண்டு பேருன்னு எழுது."